மைக் சாரின் மரு

பேருந்து நிலையத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு வரிசைக் கடைகள் உண்டு. செருப்புத் தைப்பவர், சாவி போடுபவர், செல்போன் உறை விற்பவர், இவர்களுக்கு நடுவில் ஒற்றை நாற்காலி போட்ட ஒரு சலூன். அந்த நாற்காலியின் சொந்தக்காரியைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். அவளுக்கு அப்பா வயதுள்ள சாவிக்காரர்கூட, "அக்கா, இந்தக் கிருதாவைக் கொஞ்சம் ஏத்தி வெட்டு" என்பார். அக்காவுக்கு அதில் வருத்தம் கிடையாது. கழுத்துக்குப் பக்கத்தில் கத்தி பிடிக்கிறவளை ஆண்கள் அக்கா என்று கூப்பிட்டுக்கொள்வது எல்லோருக்கும் நல்லதுதான்.

கடை அவள் புருஷனுடையது. மனுஷன் நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்தபோது, கடையை விற்றுவிட்டு வீட்டோடு இரு என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட உன் மகளை நான் படிக்கவைக்கிறேன் என்று சொல்லவில்லை. அக்கா பலூன்களை வாங்கி ஊதினாள். மேலே நுரையைப் பூசிச் சவரக்கத்தியால் வழித்துப் பழகினாள். ஒவ்வொன்றாக வெடிக்க வெடிக்க, மகள் கைதட்டிச் சிரித்தாள். வெடிப்பது நின்ற பிறகு கடையைத் திறந்தாள். முதலில் வந்தவர் சாவிக்காரர். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "போனவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனா உன் புருஷன் கை கொஞ்சம் முரடுதான் அக்கா" என்றார். அதற்கப்புறம் மற்றவர்களும் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

மைக் சார் வந்தது அதற்கும் சில வருஷங்கள் கழித்து.

ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அக்காவுக்கு அவர் குரல் தெரியும். பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது எப்போது கிளம்பும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது அவர்தான். வண்டி வரத் தாமதமாகும் என்பதைக்கூட, பக்கத்தில் உட்காரவைத்துத் தோளைத் தட்டிச் சொல்வதுபோலச் சொல்வார். அந்தக் குரலுக்கு அக்கா தானாகவே ஓர் ஆளைச் செய்து வைத்திருந்தாள்: நல்ல உயரம், அகலமான நெற்றி, கொஞ்சம் திமிர். ஒரு நாள் காலையில், தாடையில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி குள்ளமாக, ஒல்லியாக ஒருவர் வாசலில் வந்து நின்று, "இங்க ஷேவிங் பண்ணுவீங்களா?" என்று கேட்டார். ஆள் வாசலில் நிற்க, குரல் மட்டும் கடைக்குள் வந்துவிட்டது. அக்கா கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

கைக்குட்டையை விலக்கினால், வலது தாடை ஓரத்தில் ஒரு மரு. சுண்டுவிரல் நுனி அளவு, தோலின் நிறத்திலேயே புடைத்து நின்றது. அதன் தலையில் ரத்தம்.

"நானேதான் பண்ணிக்குவேன். எவ்வளவு பார்த்துப் பண்ணாலும் இது ஒரு வெட்டு வாங்கிடுது. மெயின் ரோட்டுக் கடைக்குப் போனேன். இது மேல கை வைக்க மாட்டேன்னுட்டாங்க."

"உட்காருங்க சார். நான் பலூனுக்கே பண்ணவ."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார்.

அக்கா முதலில் மற்ற இடத்தையெல்லாம் வழித்து முடித்தாள். மருவைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் நுரையோடு நின்றது. கடைசியில் இடது கட்டைவிரலால் மருவை லேசாக ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கத்தியின் நுனியால் மேலே ஒரு கீற்று, கீழே ஒரு கீற்று. அந்த நேரம் முழுக்க இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. மைக் சார் கண்ணாடியில் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளன்னைக்கு வர்றேன்" என்றார்.

அன்றிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தார். செருப்புக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. "கூண்டுக்குள்ள உட்கார்ந்து மைக்கைப் பார்த்துப் பேசற மனுஷனுக்கு எதுக்குங்க கல்யாண மாப்பிள்ளை மாதிரி மழமழன்னு மூஞ்சி?" என்று கேட்பார். "மருப் பக்கம் முடி வளர்ந்தா அரிக்குது" என்பார் மைக் சார். தெரு அதை நம்பியது. அக்காவுக்கு நம்பாமல் இருக்க ஆசையாக இருந்தது. ஆனால் அவளும் நம்பினாள்.

நாள் முழுக்கப் பேசிப் பேசி வாய் ஓய்ந்த மனுஷன், நாற்காலியில் உட்கார்ந்தால் பேசவே மாட்டார். மற்றவர்கள் மருமகள் கதை, முதலாளி கதை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போவார்கள். இவரிடம் ஒரு விஷயம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது, பிள்ளை குட்டி இல்லை, சலவைக்கடைக்கு மேலே ஓர் அறையில் தானே சமைத்துச் சாப்பிடுகிறார். இவ்வளவையும் தெரிந்துகொள்ள அக்காவுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. இன்னொன்றையும் அவள் கவனித்து வைத்திருந்தாள். ஊரே அக்கா என்று கூப்பிடும்போது, இந்த ஒரு ஆள் மட்டும் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்றும் சொன்னதில்லை. ஏதாவது வேண்டுமென்றால், "இங்க பாருங்களேன்" என்பார். அவ்வளவுதான்.

அக்காவுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்த மனுஷன் வேண்டும். சாயங்காலம் கடையைச் சாத்தும்போது, இன்றைக்கு ஆள் அதிகமா, கால் வலிக்கிறதா என்று கேட்க ஒருவர் வேண்டும், அந்த ஒருவர் இவராக இருக்க வேண்டும். கேட்டுவிடலாம். கேட்டு, அவர் முகத்தைச் சுளித்துவிட்டால் நாற்காலிக்கு வருவதும் நின்றுபோகும். ஒன்றுவிட்டு ஒரு நாள் கைக்குள் வருகிற அந்த முகத்தையும் இழந்துவிட்டு, ஒலிபெருக்கியை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. இதற்குக் காதல் என்று பேர் வைத்தால் அக்கா சீப்பை எடுத்துக்கொண்டு அடிக்க வருவாள். ஆகவே நாமும் வைக்க வேண்டாம்.

அவள் மகள் அப்போது ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வாசல் மேசையில் உட்கார்ந்து பெயரைப் பதிவாள், ஆள் குறைவான நாளில் உள்ளே போய் டாக்டருக்கு உதவியும் செய்வாள். கிளினிக்கில் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு யார் முகத்தையும் சும்மா பார்க்கத் தெரியாது. இங்கே தேமல், அங்கே பாலுண்ணி என்று கண் தானாக மேயும். விடுமுறையில் கடைக்கு வந்தவள் நாற்காலியில் இருந்த மைக் சாரைப் பார்த்தாள்.

"சார், இதை லேசர்ல எடுத்துடலாமே? முதல்ல டாக்டர் லென்ஸ் வெச்சுப் பார்ப்பாங்க. கெடுதலானது இல்லைன்னா, மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சங்கொஞ்சமா சீவி எடுத்துடுவாங்க. தையல்கூட கிடையாது."

"பாப்பா, வாயை மூடிட்டு வீட்டுக்குப் போ. சாருக்கு அதனால ஒரு தொந்தரவும் இல்லை."

"உனக்கெப்படிம்மா தெரியும்? மரு இருக்கறது அவர் தாடையில."

மைக் சார் சிரிப்பை அடக்குவது கண்ணாடியில் தெரிந்தது. "இருந்துட்டுப் போகட்டும்மா. இத்தனை வருஷமா கூடவே இருந்துடுச்சு" என்றார். அக்காவுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. பெற்ற பெண்ணே இப்படிக் குறுக்கே வந்து நிற்கிறாளே என்று அன்றைக்கு முழுக்க மகளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. மகளுக்குத் தான் என்ன குற்றம் செய்தோம் என்றே விளங்கவில்லை.

இப்படியே போயிருந்தால் அந்த மரு இன்றைக்கும் அங்கேயேதான் இருந்திருக்கும். கெடுத்தது அக்காவின் வாய்.

ஒரு மழைநாள் காலை. தெருவில் ஈ காக்கை இல்லை. மைக் சார் மட்டும் குடையோடு வந்து உட்கார்ந்தார். இதைவிட நல்ல நேரம் வராது என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று சொல்லிவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம். வீட்டில் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம்தான். கன்னம் முடிந்தது, மோவாய் முடிந்தது. மருவைச் சாய்த்துப் பிடித்துக் கத்தியை வைத்தாள். "ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தாள். அந்தச் சமயத்தில் என்றும் அசையாத மனுஷன், என்னவோ ஏதோ என்று சட்டென்று முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

மரு வெட்டுப்பட்டால் லேசில் ரத்தம் நிற்காது. அவள் படிகாரத்தை வைத்து அழுத்தினாள், பஞ்சை வைத்து அழுத்தினாள், துண்டு சிவந்துகொண்டே போயிற்று. அவருக்கு வலித்துவிட்டதே என்ற பதற்றத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள்.

"சனியன் பிடிச்ச மரு! இது ஒண்ணு மட்டும் இல்லேன்னா நான் நிம்மதியா இருப்பேன்! உங்களுக்கு ஷேவ் பண்ற ஒவ்வொரு நாளும் எனக்குக் கை நடுங்குது, தெரியுமா!"

கை நடுங்குவது நிஜம்தான். எதனால் நடுங்குகிறது என்பதைத்தான் அவள் சொல்லவில்லை.

மைக் சாரின் முகம் சிறுத்துப்போயிற்று. ரத்தம் ஒருவழியாக நின்றதும் எழுந்து, "மன்னிச்சுக்குங்க" என்றார். வெட்டுப்பட்டவர் அவர், மன்னிப்புக் கேட்டவரும் அவர். வாசல்வரை போய்த் திரும்பி, "ஞாயித்துக்கிழமைன்னு ஏதோ சொன்னீங்களே?" என்று கேட்டார்.

"கடை லீவு" என்றாள் அக்கா.

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கடை லீவுதான். அவர் தலையாட்டிவிட்டுக் குடையை விரித்தார்.

அடுத்த முறை வர வேண்டிய நாளில் ஆளைக் காணோம். காயம் ஆறட்டும் என்று இருக்கிறார் போலிருக்கிறது என்று அக்கா மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் சில நாள் கழித்து ஒலிபெருக்கியிலும் வேறொரு குரல் வந்தது. ஊர்ப் பேர்களை மென்று துப்புகிற ஒரு பையன் குரல். அக்கா ஒரு வாடிக்கைக்காரரின் தலையை நடுவிலேயே விட்டுவிட்டு வாசலில் வந்து நின்று ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள். பார்த்து என்ன ஆகப்போகிறது?

சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு யார் வந்தாங்க சொல்லு பார்ப்போம்? உன் மைக் சார்!"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? மருவை எடுக்கத்தான். நல்ல மருதான், பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கண்ணை மூடிக் கறுப்புக் கவசம் போட்டுப் படுக்க வெச்சோம். ஊசி போட்டப்போ மட்டும் 'ஸ்'ஸுன்னார். அப்புறம் சத்தமே இல்லை. நான்தான் புகை உறிஞ்சற குழாயைப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டிருந்தேன். முடி கருகற வாசனை வரும் பாரு, அதேதான். சீவறது, துடைக்கறது, சீவறது, துடைக்கறது. கடைசில பார்த்தா அந்த இடம் சமமாயிடுச்சு."

அக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். "வலிச்சுதாமா?"

"வலியெல்லாம் இல்லம்மா. டாக்டர்தான் கேட்டாங்க, இத்தனை வருஷம் விட்டுட்டு இப்ப ஏன் எடுக்கறீங்கன்னு. அதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? 'எனக்கு ஷேவ் பண்றவங்க ரொம்பக் கஷ்டப்படறாங்க டாக்டர். அவங்களுக்குக் கை நடுங்குது. சொல்ல முடியாம இத்தனை நாள் பொறுத்துக்கிட்டிருந்திருக்காங்க'ன்னார். டாக்டர் சிரிச்சுட்டாங்க."

"நீ?"

"எனக்குச் சிரிப்பு வரலை" என்றாள் மகள். அம்மாவின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "பொருக்கு தானா விழணும், கிள்ளக் கூடாது, வெயில் படக் கூடாது, ஆறற வரைக்கும் பிளேடு வைக்கவே கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கோம். அப்புறம் அவரே வீட்ல பண்ணிக்கலாம். உனக்கும் ஒரு தலைவலி விட்டுது" என்றாள்.

அக்கா பாத்திரம் கழுவப் போனாள். கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினாள். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் அழுவது கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி ஒரு மனுஷனை, இந்த வாயால்தானே துரத்தினோம் என்று நெஞ்சு எரிந்தது. அவருடைய உடம்பில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு சின்ன இடம். அதையும் அவளுக்காகவே எரித்துவிட்டு வந்திருக்கிறார். இனி அவர் தாடையில் எந்தக் கத்தியும் ஓடும். அவளுடைய கத்திதான் வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது நாளே ஒலிபெருக்கியில் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது. காலையில் கடையைத் திறக்கும்போது அவர் பேசுகிறார், யார் கன்னத்திலோ நுரை பூசும்போது அவர் பேசுகிறார், டீ குடிக்கும்போது அவர் பேசுகிறார், எல்லாம் வேறு யாருக்கோ. ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் கடையைச் சாத்திவிட்டுப் பேருந்து நிலையத்துக்குள் போனாள். மாடியில் கண்ணாடி போட்ட கூண்டு. அதற்குள் அவர் தலையின் பின்பக்கமும் ஒரு காதும் தெரிந்தன. காதுக்குக் கீழே தாடி வளர்ந்திருந்தது. ஊருக்குப் போகிறவள்போல ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அவர் சொன்ன வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பவில்லை. அவளும் மேலே ஏறவில்லை. கடைக்கு வந்தால், சாவிக்காரர், "எங்க போயிட்டே அக்கா? ரெண்டு பேர் வந்து திரும்பிட்டாங்க" என்று கடிந்துகொண்டார்.

பிறகு ஒரு நாள், நரை கலந்த தாடியோடு மைக் சார் வாசலில் வந்து நின்றார்.

"டாக்டர் இனிமே பிளேடு வைக்கலாம்னுட்டாங்க" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து வலது தாடையை விளக்குப் பக்கம் காட்டினார். பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டு வந்த பிள்ளைபோல் அவர் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு. "பாருங்க. இனி உங்களுக்குக் கஷ்டமில்லை."

தாடிக்குள் விரலை விட்டு விலக்கிப் பார்த்தாள். அந்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பாக, சமமாக இருந்தது.

"ஆமா சார். இனி சுலபம்தான்" என்றாள். பாவி மனுஷா, யார் உன்னை இதைச் செய்யச் சொன்னது என்று கத்த வேண்டும் போலிருந்தது.

நீளமாக இருந்த முடியைக் கத்தரித்துவிட்டு, நுரை போட்டு வழிக்கத் தொடங்கினாள். கண் கலங்கிக் கலங்கித் தெளிந்தது. கண் பார்க்காவிட்டாலும் கைக்கு வழி தெரியும். இடது கன்னம், மோவாய், கழுத்து, வலது கன்னம். எல்லாம் முடிந்தால், வழக்கம்போல இடது கட்டைவிரல் மருவைத் தேடிப் போகும். அன்றைக்கும் போயிற்று. அங்கே எதுவும் தட்டுப்படவில்லை. வேலை முடிந்தது என்று கை தானாக முடிவு செய்துகொண்டது. துண்டை எடுத்து மிச்ச நுரையைத் துடைத்துவிட்டாள்.

மைக் சார் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். தாடையை ஒருமுறை தடவினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் வாசலைத் தாண்டி வெளிச்சத்துக்குப் போன பிறகுதான் அக்கா பார்த்தாள். வலது தாடை ஓரத்தில், மரு இருந்த இடத்தைச் சுற்றி, ஒரு சின்ன வட்டம் முடி அப்படியே நின்றிருந்தது. மழமழவென்ற கன்னத்தில் அது தனியாகத் தெரிந்தது. கூப்பிட வாய் வரவில்லை. கத்தி பிடிக்கத் தெரியாத கத்துக்குட்டிகூடச் செய்யாத வேலை. அவரும் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். பாவம், இவளுக்குக் கை தவறிவிட்டது, சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று பேசாமல் போயிருக்கிறார். வீட்டுக்குப் போய் ஒரு இழுப்பில் அதையும் எடுத்துவிடுவார். அதோடு தன் கதை முடிந்தது என்று அக்கா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வாடிக்கைக்காரர்களின் நாற்காலியில் அவள் உட்கார்ந்ததை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. செருப்புக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கடைக்குத் திரும்பினார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை, அவள் தண்ணீர் தெளித்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது வந்தார். நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா துண்டை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். கன்னம் அன்று காலையில் வழித்ததுபோலிருந்தது. மோவாய்க்குக் கீழே இரண்டு இடத்தில் வெட்டு.

"வீட்லயே பண்ணிக்கிட்டீங்களா சார்?"

"ஆமா."

"அப்புறம்?"

அவர் வலது தாடையைத் திருப்பிக் காட்டினார். சுற்றிலும் வழித்திருந்தது. அந்த வட்டம் மட்டும் தொடாமல் அப்படியே இருந்தது, முந்தா நாளைவிடக் கொஞ்சம் வளர்ந்து.

"இதை நான் எடுக்கலை" என்றார். "எடுத்துட்டா, அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு இங்க வர்றதுன்னு தெரியலை."

நாளெல்லாம் ஊருக்கு வழி சொல்கிற குரல், அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை தடுமாறியது. அக்கா பிரஷ்ஷில் கொஞ்சம் நுரை எடுத்து அந்த வட்டத்தின் மேல் வைத்தாள். கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்தாள். கத்தியைக் கிட்டே கொண்டுபோனாள். ஒரு இழுப்புதான். அதற்கப்புறம் தாடை சுத்தமாகிவிடும். கை நடுங்கிற்று. இந்தத் தடவை அதை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். எதனால் என்று அவருக்கு இப்போதாவது விளங்கட்டும் என்று அவளும் மறைக்கவில்லை.

கத்தியை மடக்கி மேசைமேல் வைத்தாள். துண்டால் நுரையைத் துடைத்தாள்.

"இன்னிக்கு எடுக்க மாட்டேன். நாளைக்கு வாங்க."

"நாளைக்கு எடுத்துடுவீங்களா?"

"மாட்டேன்."